புது மீனும் பவளமும் உப்புத் தொட்டிக்குப் பழகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மீன் பெரும்பாலும் மூன்று திசையிலிருந்து வருகிறது. திருவனந்தபுரம் கடையில் வாங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. கொச்சி என்றால் அரைநாள் பயணம். சென்னை கொளத்தூரில் ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மறுநாள் நன்றாக விடிந்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும். ஒரே இனம், ஒரே அளவு மீனாக இருந்தாலும் இந்த மூன்றையும் ஒரே முறையில் தொட்டியில் விடக்கூடாது.

மீன் செத்த பிறகு வந்து கேட்பவர்களிடம் எப்படி விட்டீர்கள் என்றால், அநேகமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “மெதுவாத்தான் விட்டேன் அண்ணே, மூணு மணி நேரம் சொட்டு போட்டேன்.” சொட்டு என்பது தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் கலந்து பழக்குவது. தூரத்திலிருந்து வந்த மீன் என்றால் பல சமயம் அந்த மூன்று மணி நேரமே அதைக் கொன்றிருக்கும். எவ்வளவு நேரம் பழக்க வேண்டும் என்பது பையில் மீன் எவ்வளவு நேரம் இருந்தது, பைத் தண்ணீரின் உப்பு எவ்வளவு, உள்ளே இருப்பது மீனா இறாலா பவளமா என்பதைப் பொறுத்தது. இதைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் அளக்க வேண்டியவை

பைத் தண்ணீரின் உப்பு, தொட்டியின் உப்பு, தொட்டியின் அமோனியா, வெப்பம். இந்த நான்கும் தெரியாமல் மேலே படித்துப் பயன் குறைவு.

உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) அளங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கிலோவுக்கு 35 கிராம் உப்பு அளவுள்ள (35 ppt) சரிபார்ப்புத் திரவம் ஒரு சின்னப் புட்டி வாங்கி, அதில் வைத்துச் சரிசெய்யுங்கள். நாம் வைத்திருக்க வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

நல்ல தண்ணீரை 1 என்று வைத்து உப்புத் தண்ணீரின் கனத்தைச் சொல்லும் ஒப்படர்த்திக் கணக்கில், பவளம் உள்ள வீட்டுத் தொட்டி 1.025, 1.026 என்ற அளவில் இருக்கும். கடைகளில் மீன் மட்டும் உள்ள தொட்டிகளை 1.018, 1.020 என்று குறைத்து வைப்பது சாதாரணம். உப்புச் செலவு மிச்சம், சில ஒட்டுண்ணிகளும் கொஞ்சம் அடங்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை, நமக்குத் தெரிந்திருந்தால். அதனால் மீனை அனுப்பச் சொல்லும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: “அண்ணா, உங்க டேங்க்ல உப்பு எவ்வளவு வச்சிருக்கீங்க?” நல்ல கடைக்காரர் யோசிக்காமல் எண்ணைச் சொல்வார்.

பையைத் திறந்ததும் செவுள் வேகமாக அடிக்கிறது, மீன் சாய்கிறது

கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேரும், பி.எச். இறங்கும். மீனின் கழிவிலிருந்து அமோனியாவும் சேரும். ஆனால் பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அமோனியாவில் பெரும்பகுதி அமோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். அதனால் வரும் கேடு மிகக் குறைவு. மீன் அந்த அழுக்குத் தண்ணீரிலேயே பஸ்ஸில் ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

பையைத் திறந்ததும் வாயு வெளியேறிவிடும். பி.எச். ஏறும். அமோனியம் விஷமான அமோனியாவாக மாறும். கூடவே பி.எச். 8.2 உள்ள நம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அந்த மாற்றத்தை நாமே வேகப்படுத்துகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: திறந்தபோது சோர்வாக, ஆனால் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்த மீன், கொஞ்ச நேரத்தில் செவுள் மூடியை முழுக்க விரித்து விரித்து அடிக்கும், செவுளின் உள் ஓரம் கருஞ்சிவப்பாகத் தெரியும், பிறகு பையின் மூலையில் மூக்கை முட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். அந்த நிலையில் இன்னும் அரை மணி நேரம் பழகட்டும் என்று விடாதீர்கள். உடனே கையில் அல்லது சின்னக் கிண்ணத்தில் அள்ளி நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம்.

இந்த நிலையே வராமல் செய்ய, பெட்டி வருவதற்கு முன்பே தனித்தொட்டியைத் தயாராக வையுங்கள். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. அந்த ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்பே உங்கள் சம்ப்பில் (பெரிய தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) போட்டுவைத்திருந்தால் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். தண்ணீரின் உப்பைக் கடைக்காரர் சொன்ன அளவுக்கே வையுங்கள். பெட்டி வந்ததும் விளக்கை அணைத்து, கட்டிய பையை அப்படியே 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, உப்பை ஒருமுறை அளந்து, மீனை மாற்றிவிடுங்கள். சொட்டுக் குழாய்க்கு இங்கே வேலையே இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்த பையில் அமோனியா அவ்வளவு சேர்ந்திருக்காது. அதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் சொட்டு விட்டுப் பழக்குவது சரி.

இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்து செத்துப்போகிறது, உடம்பில் ஒரு குறியும் இல்லை

அதிர்ச்சி என்றால் உடனே தெரிந்துவிடும் என்று நம்பி, இதை நோய் என்று தேடுவார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான்.

கடல்மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளியே உள்ள கடலைவிடக் குறைவு. அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். மீன் கடல் தண்ணீரைக் குடித்து, அதிலுள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளி ஈடுகட்டுகிறது. 1.018-இல் இருந்த மீனை ஒரே மாலையில் 1.026-க்குக் கொண்டுவந்தால், செவுளின் அந்த வேலை ஈடுகொடுப்பதற்குள் உடம்பு வற்றத் தொடங்கிவிடும். வெளியே காயம் இருக்காது, புள்ளி இருக்காது. தின்னக்கூடச் செய்யும். அப்புறம் ஒரு காலையில் பாறைக்குப் பின்னால் கிடக்கும்.

பைக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதற்குமேல் ஏற்ற வேண்டுமானால் தனித்தொட்டியில் ஒரு நாளைக்கு 0.001, அதிகபட்சம் 0.002 என்று ஏற்றுங்கள். உப்பு குறைகிற பக்கம் மீன்கள் இதைவிட நன்றாகத் தாங்கும். ஏற்றுவதில்தான் பொறுமை வேண்டும்.

மேலே வந்து வாயைப் பிளக்கிறது

எல்லா மீனும் மேலே நிற்கிறதா, புதியது மட்டுமா? இதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லாமே மேலே நின்றால் ஆக்சிஜன் குறைவு, அல்லது தொட்டியில் அமோனியா. ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரே 30, 31 டிகிரி போய்விடும். சூடு ஏற ஏற தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும். சாயங்காலம் இடிமழை வந்து கரண்ட் போனால் வேவ்மேக்கரும் (நீரோட்டம் உண்டாக்கும் கருவி) ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) நின்றுவிடும். அந்த நேரத்தில் புது மீனும் கூடினால் தொட்டி தாங்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். சில்லர் வாங்க வசதி இல்லையென்றால் தண்ணீர் மேற்பரப்பை நோக்கி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். நீராவியாதலில் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. நாலு நாள் மறந்தால் உப்பு எங்கேயோ போயிருக்கும்.

அமோனியா தெரிந்தால் தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை. புதுத் தொட்டியில் அமோனியா நைட்ரைட்டாகி, அது நைட்ரேட்டாகும் சுழற்சி நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டிருந்தால் தண்ணீர் மாற்றி, அமோனியா நீக்கி மருந்து ஊற்றி, தீவனத்தைக் குறைத்துக் காப்பாற்றப் பாருங்கள்.

புது மீன் மட்டும் மூச்சு வாங்குகிறது, வேவ்மேக்கர் ஓட்டத்துக்கு நேராகப் போய் நிற்கிறது என்றால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். அடுத்த பகுதியைப் படியுங்கள், இன்றைக்கே.

வெள்ளைப் புள்ளி, மாவு தூவிய தோல், உரியும் சளி

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை மூன்று வேறு நோய்கள்.

உப்புக்கல் ஒட்டியதுபோல் எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் அநேகமாகக் கிரிப்டோகேரியன், கடல் வெண்புள்ளி நோய். மாவு தூவியதுபோல் மிக நுண்ணியதாக, டார்ச் சாய்த்து அடித்தால் மட்டும் மங்கலாகப் பளபளத்தால் அது வெல்வெட். இது சில நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். பல மீன்கள் தோலில் ஒன்றும் தெரியாமலே செவுள் அடைத்துச் சாகும். கிளவுன் மீனின் உடம்பிலிருந்து வெள்ளைச் சளி படலமாக உரிந்து தொங்கினால் புரூக்கினெல்லா. கடலில் பிடித்த கிளவுன் மீனில் இது அதிகம். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கிளவுன் மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தீவனம் தின்னப் பழகியிருக்கும், இந்த நோயும் குறைவு.

வெண்புள்ளியில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புள்ளி 3 முதல் 7 நாளில் தானாக மறைந்துவிடும். பூண்டு கலந்த தீவனம் கொடுத்தவர் பூண்டுதான் குணப்படுத்தியது என்பார், கிளீனர் இறால் விட்டவர் இறாலைப் புகழ்வார். உண்மையில் ஒட்டுண்ணி தின்று முடித்து மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் கிளம்பி மறுபடி மீனைத் தேடும். இரண்டாம் சுற்றில் புள்ளி பல மடங்காக வரும்.

சிகிச்சை தனித்தொட்டியில்தான். வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் செம்பு மருந்து, புட்டியில் சொன்ன அளவுக்கு, செம்பு டெஸ்ட் கிட்டில் தினமும் அளந்து. கிட் இல்லாமல் செம்பைத் தொடவே வேண்டாம். குறைந்தால் பலிக்காது, கூடினால் மீன் போய்விடும். வெண்புள்ளிக்கு மட்டும் உப்பை 1.009-க்கு இறக்கி வைப்பதும் ஒரு வழி. கருவி சரியாக இருந்தால்தான் அது பலிக்கும். புரூக்கினெல்லாவுக்குச் செம்பு கேட்காது, ஃபார்மலின் குளியல் வேண்டும். அதைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு ஊற்றினால் பவளமும் இறாலும் நத்தையும் முடிந்தன. பாறையும் மணலும் உறிஞ்சிக்கொண்டு பிறகும் கக்கும். அதனால் மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டு, பவளத் தொட்டியைச் செம்பு ஊற்றாமல், மீனே இல்லாமல் விட்டுவையுங்கள். ஆறு வாரமாவது வேண்டும். கூடு 72 நாள் வரை தாங்கியது பதிவாகியிருப்பதால் 76 நாள் காத்திருப்பவர்கள் அதிகம், நானும் அதையே சொல்வேன்.

ஒளிந்துகொள்கிறது, தின்னவில்லை

முதல் இரண்டு மூன்று நாளுக்கு இது இயல்பு. விளக்கை மங்கலாக வைத்து, கண்ணாடியைத் தட்டாமல் விட்டுவிடுங்கள். ராஸ் வகை மீன்களில் சில மணலுக்குள் புதைந்து நாள்கணக்கில் கிடக்கும். செத்துவிட்டது என்று மணலைக் கிளறித் தேடாதீர்கள். மைசிஸ், ஆர்ட்டீமியா (இறால்போன்ற சின்ன உயிர்களாலான தீவனம்) தின்னாவிட்டால் பச்சை இறாலைப் பொடியாக நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள். மாண்டரின் மீன் மட்டும் விதிவிலக்கு. அது பாறையில் ஊரும் கோப்பிபாட் பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்று வாழ்வது. சின்ன, புதுத் தொட்டியில் அது பட்டினி கிடந்து மெலியும். அழகாக இருக்கிறது என்று வாங்க வேண்டாம்.

பழைய மீன் துரத்துகிறது

துரத்துவது பெரும்பாலும் டாம்சல் மீன். புது மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொட்டியிலேயே சில நாள் தொங்கவிடுங்கள். பார்த்துப் பார்த்து ஆத்திரம் தணியும். பாறைகளை இடம் மாற்றினால் பழையதன் எல்லை கலைந்து எல்லோரும் புதியவர்கள் ஆகிவிடுவார்கள். சண்டைக்காரனைக் கடைசியில் விடுவது என்பது வாங்கும்போதே யோசிக்க வேண்டியது. மூடியும் வேண்டும், வலை போட்டதாக. துரத்தப்பட்ட ஃபயர்ஃபிஷ் குதித்துத் தரையில் காய்ந்து கிடப்பது ரொம்பச் சாதாரணம்.

இறால் துள்ளித் துள்ளி விழுகிறது, நத்தை ஒட்டவில்லை

இங்கேதான் சொட்டு முறை உண்மையில் தேவை. இறாலும் நத்தையும் நட்சத்திர மீனும் உப்பு மாற்றத்தை மீனைப்போல் சமாளிக்காது. ஒன்று இரண்டு மணி நேரம், வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. நட்சத்திர மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் கிண்ணத்தோடு மாற்றுங்கள். எல்லாம் செய்தும் இறால் சாகிறது என்றால், முன்பு எப்போதாவது அந்தத் தொட்டியில் செம்பு ஊற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள், முக்கியமாகப் பழைய தொட்டி வாங்கியவர்கள்.

பவளம் மூடியே கிடக்கிறது

ஒரு வாரம் வரை பொறுக்கலாம். லெதர் பவளம் வந்த சில நாளில் மொட்டுகளை (பாலிப்) எல்லாம் உள்ளிழுத்து, சாம்பல் நிறத்தில் சுருங்கும். மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்புப் படலம் வரும், அதில் பாசியும் தூசியும் ஒட்டும். பார்த்தால் அழுகுகிறது என்றே தோன்றும். பிறகு ஒரு நாள் ஓரத்தில் அந்தப் படலம் காகிதம்போல் கிழிந்து ஆடும், அடியில் புதுத்தோல் வெளிறிய மஞ்சளாகத் தெரியும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி அது உதிர உதவுங்கள். விரலால் உரிக்காதீர்கள். உண்மையிலேயே அழுகினால் மணம் காட்டிக்கொடுக்கும்: அழுகிய முட்டை வாடை, தொட்டால் குழையும். அப்போது உடனே வெளியே எடுங்கள்.

சோவாந்திட் (பொத்தான்போல் கூட்டமாக வளரும் மென்பவளம்) ஒரு வாரம் தாண்டியும் திறக்கவில்லை என்றால் பூச்சியைத் தேடுங்கள். சோவாந்திட் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தைகள் (நூடிபிராங்க்) தின்ற மொட்டின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் கண்ணுக்குப் படாது. ராத்திரி டார்ச் அடித்து மொட்டுகளுக்கு இடையில் பாருங்கள். எந்தப் பவளம் வந்தாலும் தொட்டிக்குப் போகும் முன் பவள டிப் மருந்தில் 5, 10 நிமிடம் ஆட்டிக் கழுவுங்கள். பூச்சி போகும், முட்டை போகாது. பவளம் ஒட்டியிருக்கும் சின்னத் தட்டான பிளக்கைக் கழற்றிப் புது பிளக்கில் ஒட்டுவது அதனால்தான்.

வெளுக்கிறது அல்லது பழுப்பாகிறது

வெளுத்தால் அநேகமாக வெளிச்சம் கூடுதல், அல்லது சூடு. பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறுவதால் வரும் நிறம் அது. புதுப் பவளத்தை மணல்மீது வைத்து, எல்.இ.டி.யைப் பாதியாகக் குறைத்து, இரண்டு முதல் நாலு வாரத்தில் ஏற்றுங்கள். காளான் பவளம் கீழேயே இருக்கட்டும், அதற்கு அதுவே போதும். பழுப்பானால் வெளிச்சம் குறைவு, அல்லது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுதல். இது அவசரம் இல்லை. ஆனால் இரண்டையும் பூஜ்ஜியமாக்க ஓடாதீர்கள். பூஜ்ஜியத்தில் பவளம் பட்டினி கிடக்கும். நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். போதுமானது.

தண்ணீர் மாற்றிய மறுநாள் எல்லாமே சுருங்குகிறது

கடல் தண்ணீர் கொண்டுவருபவர்களுக்கு இது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் பாதி ஆற்றுத் தண்ணீர். உரமும் சேறும் கூடவே வரும். துறைமுகத்துக்குள் எடுத்தால் டீசல் படலம். ஃபைபர் படகில் போகும் அண்ணன் யாரிடமாவது கேனைக் கொடுத்து, கரையைவிட்டு வெகுதூரத்தில் நிரப்பித் தரச் சொல்லுங்கள். வந்ததும் உப்பை அளந்து, வடிகட்டி, இருட்டில் ஏர் பம்ப் ஓட்டி வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பாக்கெட் உப்பும் ஆர்.ஓ. தண்ணீரும்தான் பாதுகாப்பு.

தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் கடலிலிருந்து பவளம் எடுத்துவர வேண்டாம். கடினப் பவளமும் கடல் விசிறியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. கரை ஒதுங்கிய செத்த துண்டுக்கும் அது பொருந்தும். இந்தக் குறிப்பில் சோவாந்திட், காளான், லெதர் என்று மென்பவளங்களை மட்டும் பேசியது அதற்காகத்தான்.

உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால்

சோவாந்திட், பாலித்தோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவோ பிளக்கிலிருந்து கழற்றவோ கூடாது. வேண்டாத மொட்டு வளர்ந்த பாறையை வெந்நீரில் போடுவது, கொதிக்கவைப்பது, உலர்த்திப் பிரஷ்ஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. ஆவியோடும் தூசியோடும் விஷம் மூச்சில் ஏறும், வீட்டில் உள்ள அனைவருக்கும். பவளத்தைக் கையாண்ட சில மணி நேரத்தில் வாயில் உலோகக் கசப்பு, குளிர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், உதடு மரத்துப்போதல், கண் எரிந்து சிவத்தல் இவற்றில் எது வந்தாலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு எல்லோரும் வெளியே வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் தெறித்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் வெகுநேரம் கழுவுங்கள். டாக்டரிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிடாமல், கடல் பவளத்தைத் தொட்டேன், பாலிடாக்சினாக இருக்கலாம் என்று அந்தப் பெயரையே சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.